மண்ணின் ஊரில் மண்ணில்லாச் செடி

பஞ்சபூதங்களுக்கும் தனித்தனியே தலம் வகுத்த நம் முன்னோர், காஞ்சிபுரத்தை மண்ணுக்கு உரியதாக்கினார்கள். ஏகாம்பரநாதர் கோயிலில் மூலவர் மணல் லிங்கம். உற்சவம் தொடங்குமுன் சடங்கோடு மண் எடுத்து வந்து, பாலிகைகளில் நவதானியம் விதைத்து முளைக்க வைப்பது கோயில் மரபு. மண் இல்லாமல் பயிர் ஏது என்று யாராவது கேட்டால், காஞ்சிதான் அதற்குப் பொருத்தமான ஊர்.

ஆனால் அதே காஞ்சியில் பிள்ளையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள். நெசவாளியின் வீட்டில் பாதி இடத்தைத் தறி பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தில்தான் குடித்தனம். ஒரு பிடி கீரை விதைக்க அவர் மண்ணுக்கு எங்கே போவார்?

செடி உண்மையிலேயே மண்ணைத்தான் தின்கிறதா என்ற கேள்வி மிகப் பழையது. பெல்ஜிய நாட்டு வான் ஹெல்மான்ட் 200 ராத்தல் உலர்ந்த மண்ணைத் தொட்டியில் நிறுத்துப் போட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 வருஷம் வளர்த்தார். மரம் 169 ராத்தலுக்கு மேல் கனத்தது. மண்ணில் குறைந்ததோ சுமார் 2 அவுன்ஸ்தான்! மரம் முழுவதும் தண்ணீரே என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்த பிறகு, 1648-ல் இது அச்சில் வந்தது. 1699-ல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்டு புதினாவை மழைநீரிலும் ஆற்றுநீரிலும் மண் கலந்த நீரிலும் வளர்த்துப் பார்த்தார். மண் கலந்த நீரில்தான் அது செழித்தது. ஆகவே மண்ணே உணவு என்றார் அவர். இருவர் கண்டதும் பாதி உண்மை. செடியின் உடம்பில் பெரும்பகுதிக்கு வேண்டிய கரியைக் காற்றே கொடுக்கிறது. மண்ணிலிருந்து வேர் எடுத்துக்கொள்வது நீரில் கரைந்த சில உப்புகளை மட்டுமே. 1860-ஐ ஒட்டிய வருஷங்களில் ஜெர்மானியர்களான சாக்ஸும் நாப்பும் அந்த உப்புகளை நீரில் கரைத்து, மண்ணே இல்லாமல் செடி வளர்த்துக் காட்டினார்கள்.

அதற்குப் பிறகும் வெகு காலம் அது ஆராய்ச்சிசாலை வித்தையாகவே இருந்தது. கலிபோர்னியாவில் கெரிக் என்ற பேராசிரியர் 1929 முதல் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவர முயன்றார். உப்பு நீரில் அவர் வளர்த்த தக்காளிக் கொடி 25 அடி ஏறியதாம்! 1937-ல் அவர் அதற்கு 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்று பெயர் சூட்டினார். விமானம் இறங்கும் வேக் தீவில், பயிர் செய்ய மண் இல்லாத பவளத் தரையில், பிரயாணிகளுக்குக் காய்கறி கிடைத்தது இம்முறையால்தான்.

நம் நாட்டுக்கு இது வந்த சமயம் மிகவும் சோகமானது. 1943-ன் பஞ்சத்தில் வங்காளம் லட்சக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்திருந்தது. 1946-ல் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் டார்ஜிலிங் ஜில்லாவின் கலிம்போங்கில் பரிசோதனைகளைத் தொடங்கினார். விலை உயர்ந்த யந்திரங்களைத் தள்ளிவிட்டு, சாமானியர்களின் கைக்கு எட்டும்படி முறையை எளிமையாக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஜல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி, மேலே தூவ உப்பு, ஊற்றத் தண்ணீர்: அவ்வளவுதான். 1951-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் 'வங்காள முறை' என்ற பெயரை உலகறியச் செய்தது.

அப்படியானால் இந்தத் தொட்டிகள் முன்பே இருந்திருந்தால் பஞ்சம் வந்திராதா? அப்படிச் சொல்ல முடியாது. 1943-ல் வங்காளத்தில் இருந்த அரிசி 1941-ல் இருந்ததைவிடக் குறைவல்ல என்று அமார்த்திய சென் 1981-ல் எழுதிய நூலில் எடுத்துக் காட்டினார். அரிசி இருந்தது, ஆனால் ஏறிய விலைக்கு அதை வாங்கக் கூலியாட்களிடமும் மீனவர்களிடமும் கைத்தொழிலாளர்களிடமும் காசில்லை. நெசவாளியும் கைத்தொழிலாளிதான் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இருந்தாலும் ஒரு பிடி கீரைக்கு வழியுண்டு. யந்திரத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது ஒரு திரி. கீழே உப்பு நீர் நிறைந்த டப்பா. அதன்மேல், கழுவிய தென்னை நார்க்கழிவு நிரப்பிய சட்டி. சட்டியின் அடியில் துளையிட்டு இரண்டையும் இணைக்கும் திரி. குத்துவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோலவே இழைகளின் இடுக்கு வழியாக நீர் ஏறுகிறது. வேர் குடிக்கக் குடிக்க மேலும் ஏறுகிறது. பருத்தித் திரி நாளடைவில் மக்கிவிடும், நைலான் நீடித்து உழைக்கும். நூலின் குணத்தைக் காஞ்சிக்காரருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை! டப்பாவுக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். சட்டியில் உப்பு தேங்காமல் அவ்வப்போது நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். நிறையக் குடிக்கும் தக்காளிக்குத் திரி ஈடு கொடுக்காது. கீரைக்கும் புதினாவுக்கும் போதும்.

இந்தச் சட்டியில் நெல் விளையாது. தறிக்காரரின் அரிசிக் கவலையை அது தீர்க்காது. அதைத் தீர்க்க வேண்டியது அவர் நெய்த புடவைக்குக் கிடைக்கும் நியாயமான கூலி. கூலி சரியாகக் கிடைக்கும் வீட்டில், தறிக்குப் பக்கத்து ஜன்னலில் நாலு கீரைத்தண்டு தளிர்த்து நின்றால், அதைவிட அழகு வேறென்ன வேண்டும்?