பத்தரை ஷில்லிங் சாலை

போரில் மாண்டவர்களுக்கு ஊர் நடுவே ஒரு தூணை நட்டுப் பெயர்களைப் பொறிப்பது வழக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் அதற்கு ஒரு சாலையே போட்டார்கள். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை வேண்டும். ஆட்வே மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த லோர்ன் போன்ற ஊர்களுக்கு வழி வேண்டும். ஜீலாங் நகர மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக் முன்னின்று பணம் திரட்ட, 1919 செப்டம்பரில் ‘கிரேட் ஓஷன் ரோடு’ வேலை தொடங்கியது.

கையில் கடப்பாரையும் மண்வெட்டியும், துணைக்கு வெடிமருந்து. சுமார் 3,000 பேர் கூடாரம் போட்டுத் தங்கி, கடலைப் பார்த்த செங்குத்துச் சரிவை வெட்டினார்கள். எட்டு மணி நேரத்துக்குப் பத்தரை ஷில்லிங் கூலி. சிலர் வேலையிலேயே உயிரை விட்டார்கள்.

1924இல் நடந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. கேப் பேட்டன் அருகே ‘காசினோ’ என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதிச் சிக்கிக்கொண்டது. பாரத்தைக் குறைக்க 500 பீப்பாய் பியரையும் 120 பெட்டி மதுவையும் கடலில் தள்ளினார்கள். எல்லாம் கரை ஒதுங்கிய இடத்தில் தொழிலாளர் முகாம்! இரண்டு வாரம் சாலை ஓர் அங்குலம்கூட நகரவில்லையாம். தப்பித்த அந்தக் கப்பல் 1932 ஜூலையில் அப்போலோ பேயில் மூழ்கி, பத்துப் பேரைப் பலிகொண்டது. ஆகஸ்டில் ஹிட்ச்காக்கும் இறந்துபோனார். நவம்பரில் நடந்த சாலைத் திறப்பு விழா ஊர்வலத்தில், ஆளுநரின் காருக்குப் பின்னால் அவருடைய கார் அவரில்லாமல் போனது.

போட்ட பணத்தை எடுக்கக் காருக்கு இரண்டு ஷில்லிங் சுங்கம் வாங்கினார்கள். 1936இல் சாலை அரசின் கைக்குப் போனதும் சுங்கம் நின்றது. சுங்கச்சாவடி மூடியதாக நம்மூரில் யாராவது சொன்னால் நம்புவோமா!

டார்க்கியிலிருந்து அலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 240 கிலோமீட்டர். அப்போலோ பே வரை கடலை ஒட்டியே போகிறது. பிறகு ஆட்வே மழைக்காட்டுக்குள் புகுந்து, போர்ட் கேம்ப்பெல் பக்கம் மறுபடி கடலோரம் வருகிறது. அங்கே சுண்ணாம்புப் பாறை. கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. 1990இல் ‘லண்டன் பிரிட்ஜ்’ என்ற பாறை வளைவு இடிந்து, நுனியில் நின்ற இருவரை ஹெலிகாப்டர் மீட்டது. ‘பன்னிரண்டு அப்போஸ்தலர்’ பாறைகளில் ஒன்று 2005இல் நொறுங்கியது. எண்ணிக்கை அதற்கு முன்பும் பன்னிரண்டு இல்லை.

சாலையும் தப்பவில்லை. 2015 கிறிஸ்துமஸ் நாளில் வை ரிவர் பகுதியைக் காட்டுத்தீ எரித்தது. மறு ஆண்டு மழைக்கு மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மறுபடி மண்ணை அள்ளி, சரிவைக் கட்டி, வழிவிட வேண்டியிருந்தது.