கோவை வானொலிச் சந்தை: நேயர் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது, ஆனைகட்டி ஏன் அதில் வருவதில்லை?

ஆனைகட்டி: கோயம்புத்தூரிலிருந்து தடாகம், மாங்கரை வழியாக வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஆனைகட்டி. சோதனைச் சாவடியைக் கடந்தால் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி தொடங்குகிறது. தமிழ், மலையாளம், இருளர் மொழி மூன்றும் ஒரே கடைவீதியில் புழங்கும் ஊர் இது. வாகனங்கள் சாவடியில் நின்று செல்கின்றன. வானொலி அலைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் தனியார் பண்பலை நிலையத்தின் உரிமம் நகரத்தின் பெயரில் வழங்கப்படுகிறது. உரிமத்தின் விலை நகர மக்கள்தொகையைச் சார்ந்துள்ளது. நேயர் கணக்கெடுப்பு நகர எல்லைக்குள் நடக்கிறது. ஒரு நிலையம் தனது நிகழ்ச்சி வடிவத்தை மாற்றும்போது எல்லையோர நேயரின் விருப்பம் எந்த ஏட்டிலும் பதிவாகாமல் போவதற்கு இந்த ஏற்பாடே காரணம்.

ரேட்டிங் என்பது என்ன?

வானொலி ரேட்டிங் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று வெவ்வேறு அளவுகள். ஒரு வாரத்தில் ஒரு நிலையத்தைச் சிறிது நேரமாவது கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது முதலாவது. இதனை எட்டுகை எனலாம். கேட்டவர் சராசரியாக எவ்வளவு நேரம் கேட்டார் என்பது இரண்டாவது. ஊரார் வானொலி கேட்ட மொத்த நேரத்தில் அந்த நிலையத்துக்குக் கிடைத்த பங்கு மூன்றாவது.

இம்மூன்றும் ஒரே திசையில் செல்ல வேண்டும் என்பதில்லை. எளிய கணக்கொன்றைப் பார்க்கலாம். நூறு பேர் உள்ள ஓர் ஊரில் 40 பேர் முதல் நிலையத்தை நாளொன்றுக்கு அரை மணி நேரம் கேட்கிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் 1,200 நிமிடங்கள். இரண்டாவது நிலையத்தை 15 பேர்தான் கேட்கிறார்கள்; ஆனால் தையற்கூடத்திலும் பட்டறையிலும் இரண்டு மணி நேரம் அதனை ஓட விடுகிறார்கள். மொத்தம் 1,800 நிமிடங்கள். ஊரில் பெரிய நிலையம் எது? 'அதிகம் பேர் கேட்பது' என்று முதல் நிலையமும், 'அதிக நேரம் கேட்கப்படுவது' என்று இரண்டாவது நிலையமும் பேருந்தின் முதுகில் விளம்பரம் ஒட்டிக்கொள்ளலாம். இரண்டும் பொய்யல்ல. ஒரே நகரில் இரு நிலையங்கள் தங்களை 'நம்பர் ஒன்' என்று அழைத்துக்கொள்வதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

நிகழ்ச்சி வடிவ மாற்றங்களும் இந்த அளவுகளைப் பின்பற்றியே நடைபெறுகின்றன. எட்டுகை குறைந்தால் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளரை மாற்றுவார்கள், போட்டி வைத்துப் பரிசு தருவார்கள். கேட்கும் நேரம் குறைந்தால் பேச்சைக் குறைத்துப் பாடல்களைக் கூட்டுவார்கள். பாடல் பட்டியலைச் சுருக்கி, வெற்றிப் பாடல்களை மீண்டும் மீண்டும் சுழல விடுவார்கள். குறைந்த எண்ணிக்கையிலான பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் இம்முறை, 1950-களில் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் டாட் ஸ்டோர்ஸ் என்பவர் நடத்திய நிலையத்தால் புகழ்பெற்றது.

கணக்கெடுப்பது யார்?

இந்தியாவில் தொடர்ச்சியான வானொலி நேயர் கணக்கெடுப்பை டாம் மீடியா ரிசர்ச் நிறுவனம் 2007-இல் 'ராம்' என்ற பெயரில் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட நேயர்களிடம் ஒரு நாட்குறிப்பேடு தரப்படும். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிலையத்தைக் கேட்டோம் என்பதை அவர்களே குறித்துவைக்க வேண்டும். மும்பை, தில்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்கள் அதில் இடம்பெற்றன. சென்னை இடம்பெறவில்லை. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று தொடங்கிய நகரத்துக்கே அந்த நிலை என்றால், கோயம்புத்தூரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நாட்குறிப்பு முறைக்கு உள்ள குறைகள் பழையவை. மறதி ஒன்று, பழகிய நிலையத்தின் பெயரையே பழக்கத்தால் எழுதிவிடுவது மற்றொன்று. இதற்காகவே அமெரிக்காவில் ஆர்பிட்ரான் நிறுவனம் நாட்குறிப்புக்குப் பதிலாக நேயர் உடன் எடுத்துச் செல்லும் சிறு கருவியைப் பெருநகரங்களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அந்நிறுவனத்தை 2013-இல் நீல்சன் வாங்கியது. அங்கும் சிறிய ஊர்களில் நாட்குறிப்பே நீடித்தது.

மாதிரியின் அளவும் கவனத்துக்குரியது. 400 பேரிடம் கேட்டு, 15 விழுக்காட்டினர் ஒரு நிலையத்தைக் கேட்பதாகத் தெரியவந்தால், புள்ளியியல் கணக்குப்படி உண்மை அளவு ஏறத்தாழ 11.5 முதல் 18.5 வரை எங்கும் இருக்கலாம். இரண்டு புள்ளி இறங்கியது என்பதற்காக மூன்றாண்டுகள் நடந்த நிகழ்ச்சியை நிறுத்தும் முடிவு, காற்றடித்து அசைந்த தராசைப் பார்த்து எடை சொல்வதற்கு ஒப்பாகும்.

நான்கு நகரங்களுக்கு வெளியே உள்ள நிலையங்கள் இந்திய வாசகர் கணக்கெடுப்பில் வானொலி பற்றிக் கேட்கப்படும் கேள்விகளையும், தாங்களே பணம் கொடுத்து நடத்தும் ஆய்வுகளையும் சார்ந்துள்ளன. வாசகர் கணக்கெடுப்பும் 2019-ஆம் ஆண்டின் கடைசிக் காலாண்டுக்குப் பின் பெருந்தொற்றினால் தடைப்பட்டது. அகில இந்திய வானொலிக்குச் சொந்தமாக நேயர் ஆய்வுப் பிரிவு உண்டு. வானொலி நேயர் அளவீடு குறித்து இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016-இல் பரிந்துரைகளை வெளியிட்டது. ஆனால் தொலைக்காட்சிக்கு பார்க் அமைப்பு இருப்பதைப் போன்ற ஏற்பாடு வானொலிக்கு உருவாகவில்லை.

நேயர் அலைவரிசையைத் திருப்பிய காலம்

அளவீடு எதுவும் இல்லாமலேயே நேயர்கள் ஓர் அரசு ஒலிபரப்பின் வடிவத்தை மாற்றிய வரலாறு இந்தியாவில் உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பொறுப்பேற்ற பி.வி.கேஸ்கர், திரைப்பாடல்களுக்கு வானொலியில் இடமில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தார். செவ்வியல் இசையால் நேயரின் ரசனையை உயர்த்த வேண்டும் என்பது அவரது நோக்கம். நேயர்கள் வாதிடவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு சிற்றலையில் இந்தியா முழுவதும் கேட்டது. இந்தியில் பினாக்கா கீத்மாலா அங்கிருந்துதான் ஒலித்தது. தமிழ்நாட்டு வீடுகளிலோ இலங்கையின் தமிழ்ச் சேவையே திரைப்பாடலுக்கான முகவரியாக இருந்தது. விளம்பரப் பணமும் கடல் கடந்தது.

1957 அக்டோபர் 3 அன்று அகில இந்திய வானொலி விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்குக் கதவைத் திறந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பர் 1 முதல் அதில் விளம்பரங்களும் வரத் தொடங்கின. அன்று நேயர் இழப்பு யாராலும் துல்லியமாக அளக்கப்படவில்லை. பக்கத்து நாட்டு நிலையத்துக்குக் குவிந்த கடிதங்களும், தெருவில் நடந்தால் காதில் விழுந்த ஒலியுமே போதுமான சான்றாக இருந்தன. எல்லை கடந்து கேட்கும் நேயருக்கு அன்றிருந்த செல்வாக்கு இன்று இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

எல்லா நிலையங்களும் ஏன் ஒரே மாதிரி ஒலிக்கின்றன?

கோயம்புத்தூரில் அகில இந்திய வானொலி மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸிலும், ரெயின்போ பண்பலை 103 மெகாஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. தனியாரில் சூரியன் எஃப்.எம்., ரேடியோ மிர்ச்சி, ஹலோ எஃப்.எம்., ரேடியோ சிட்டி ஆகியவை உள்ளன. முள்ளைத் திருப்பிக்கொண்டே போனால் தனியார் நிலையங்களுக்கு இடையே குரல் மாறும், கொங்குத் தமிழின் அடர்த்தி மாறும். பொருள் பெரிதாக மாறாது. திரைப்பாடல், நகைச்சுவை, தொலைபேசி அரட்டை, மீண்டும் திரைப்பாடல்.

இதற்கு நிலையங்களை மட்டும் குறை கூற இயலாது. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வழங்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றமின்றி அப்படியே ஒலிபரப்பலாம். போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, குடிநீர் மற்றும் மின்தடை அறிவிப்பு போன்றவற்றைச் சொல்லலாம். அதற்கு மேல் செல்ல முடியாது. மேலைநாட்டு நகரமொன்றில் ஒரு நிலையம் பாட்டிலிருந்து செய்திக்கும், செய்தியிலிருந்து விவாதத்துக்கும் மாறுவதை வடிவ மாற்றம் என்கிறார்கள். இங்கே அந்தக் கதவு மூடியிருப்பதால், வடிவ மாற்றம் என்பது தொண்ணூறுகளின் பாடல்களிலிருந்து புதுப்பாடல்களுக்கு மாறுவது, அல்லது அதன் மறுதலை என்ற அளவில் நின்றுவிடுகிறது.

உரிமக் கட்டணமும் துணிச்சலுக்கு இடம் தருவதில்லை. 2005-ஆம் ஆண்டின் இரண்டாம் கட்டக் கொள்கை முதல், நிலையங்கள் ஆண்டு வருவாயில் 4 விழுக்காட்டை அரசுக்குச் செலுத்த வேண்டும்; வருவாய் எவ்வளவு குறைந்தாலும் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை, ஒரு நிறுவனம் தன் நிலையங்களுக்கிடையே நிகழ்ச்சிகளைப் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்தது. செலவு குறையும், உள்ளூர்க் குரலும் குறையும்.

மலையும் அலையும்

பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் இயல்புடையது. குறுக்கே மலை நின்றால் பின்புறம் நிழல் விழும். கோவைச் சமவெளியில் தெளிவாகக் கேட்கும் ஒரு பாடல், மலைப்பாதையில் ஒரு வளைவில் கரகரத்து அடுத்த வளைவில் திரும்பி வருவது இதனால்தான். மத்திய அலை அப்படியல்ல. அது நிலத்தை ஒட்டிப் பரவும். இரவில் மேல் வளிமண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதொலைவு செல்லும். தரம் குறைவாக இருக்கலாம், ஆனால் பள்ளத்தாக்கிலும் கிடைக்கும். பழைய மத்திய அலைப்பரப்பிகளைப் படிப்படியாக நிறுத்திப் பண்பலைக்கு மாறும் பிரசார் பாரதியின் போக்கு நகர நேயருக்கு நன்மையே. மலையடிவாரத்து நேயருக்கு அதே மாற்றம், செய்தி சொல்ல அனுமதி பெற்ற ஒரே வானொலியை இழப்பதாகவும் அமையக்கூடும்.

மலை எப்போதும் பகையல்ல என்பதற்குக் கொடைக்கானல் பண்பலை சான்று. 100.5 மெகாஹெர்ட்ஸில் மலையுச்சியிலிருந்து ஒலிபரப்பாகும் அந்நிலையம், தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்கிறது. அதன் நேயர் வட்டத்தை எந்த ஒரு நகரத்தின் பெயராலும் குறிப்பிட முடியாது. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம் வானொலி நிலையம் 1994 முதல் இயங்குகிறது. மூணாறு வட்டாரத்தில் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் மலைகளுக்கு நடுவே 101.4 மெகாஹெர்ட்ஸில் அது ஒலிக்கிறது. ஆனைகட்டிக்கும் அட்டப்பாடிக்கும் இடையே அவ்வாறான அரசு நிலையம் இல்லை. கிழக்கே கோவையும் மேற்கே திருச்சூரும் தத்தம் நகர நேயரை நோக்கியே பேசுகின்றன.

செல்பேசி வழியாகக் கேட்பவர்களைக் கணக்கிடுவது எளிது. பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் 240-க்கும் மேற்பட்ட வானொலிச் சேவைகள் கிடைக்கின்றன. எந்த நகரில் எது அதிகம் கேட்கப்படுகிறது என்ற தரவரிசைகள் 2021-இல் தொடர்ந்து வெளியிடப்பட்டன. அவையும் நகரங்களின் பட்டியல்களே. இணையத் தொடர்பு அறுந்து அறுந்து கிடைக்கும் இடத்தில் பேட்டரி வானொலிப் பெட்டி கேட்பவர் அவற்றில் வரமாட்டார்.

அடுத்து வருவன

2024 ஆகஸ்ட் மாதம் மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 பண்பலை அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது. தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகளை ஊக்குவிப்பது நோக்கமாகச் சொல்லப்பட்டது. குன்னூர், திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர் உள்ளிட்ட தமிழக ஊர்களும், கேரளத்தில் பாலக்காடும் அப்பட்டியலில் உள்ளன. பாலக்காட்டில் புதிய நிலையம் வந்தாலும் அதன் சந்தை பாலக்காடு நகரமாகவே இருக்கும். அந்நகருக்கும் அட்டப்பாடிக்கும் இடையிலும் மலைகளே நிற்கின்றன.

சிறிய பரப்புக்கு உரிய வழி சமுதாய வானொலி. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004-இல் தொடங்கியபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம். வயநாட்டில் 2009 முதல் இயங்கும் ரேடியோ மாற்றொலி, பழங்குடி மக்களுக்கான நிகழ்ச்சிகளை அவர்கள் மொழிகளிலேயே வழங்கி வருகிறது. இத்தகைய நிலையத்தின் வீச்சு சுமார் 10 கிலோமீட்டர். நேயர் யார் என்பதை அறிய அங்கே நாட்குறிப்பேடு தேவைப்படாது. நிலையத்தின் வாசலுக்கே வந்துவிடுவார்கள்.

பணம்தான் சிக்கல். மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரம் 2023-இல் 12 நிமிடமாகவும், அரசு விளம்பரத்துக்கான கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. மணி முழுவதும் 12 நிமிடங்களையும் அரசு விளம்பரமே நிரப்பினாலும் கிடைப்பது 5,328 ரூபாய். நிரம்புவது அரிது. மின்கட்டணம், பரப்பியின் பராமரிப்பு, இருளர் மொழியில் பேசத் தெரிந்த இரண்டு இளைஞர்களுக்கான சம்பளம் ஆகியவற்றை அதிலிருந்தே கொடுத்தாக வேண்டும்.