வால்வெள்ளியும் ஞாயிற்றுக் காற்றும்

பாய்மரத் தோணிகளே போக்குவரவுக்குத் துணையாயிருந்த நாளில், ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களின் கடலோடிகளுக்குக் காற்றறிவே உயிர்க்காவல். சோளகம் எழும் பருவமும் வாடை வீசும் பருவமும் அறியாதார் கலஞ் செலுத்துதல் அரிது. காற்றைக் கண்ணாற் காண இயலாது. பாய்மர உச்சியிற் பறக்கும் கொடியே அதன் திசையைக் காட்டும். வானிலும் அத்தகைய கொடியொன்று உண்டென்பதை மாந்தர் உணரப் பல நூற்றாண்டுகள் சென்றன. வால்வெள்ளியின் வாலே அக்கொடி.

முன்னாளில் தூமகேது தோன்றினால் நாட்டுக்குக் கேடு வருமென அஞ்சினர். 1910ஆம் ஆண்டில் ஹேலியின் வால்வெள்ளி வந்தபோது, அதன் வாலினூடே பூமி செல்லுமென்றும் அவ்வாலில் நச்சுவாயு உண்டென்றும் கேட்டு மேனாட்டு நகரத்தாரும் நடுங்கினர். தீங்கொன்றும் நேரவில்லை.

1951இல் ஜெர்மானிய அறிஞர் லூட்விக் பியர்மன் அவ்வாலை ஆராய்ந்தார். மின்னேற்றம் பெற்ற அணுக்களையும் மூலக்கூறுகளையும் அயன்கள் என்பர். வால்வெள்ளி எத்திசையிற் சென்றாலும், அயன்களாலாகிய வால் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமே நீள்கிறது. ஒளியின் அழுத்தம் மட்டும் அவற்றை அவ்வாறு தள்ளாது; ஞாயிற்றிலிருந்து துகள்கள் இடையறாது பாய்தல் வேண்டும் என அவர் துணிந்தார். அப்பாய்ச்சலுக்கு 1958இல் யூஜின் பாக்கர் 'ஞாயிற்றுக் காற்று' எனப் பெயரிட்டார். 1962இல் மரினர் 2 விண்கலம் அக்காற்றை நேரில் அளந்து உறுதிசெய்தது.

பின்னர்க் கருவிகள் வால்வெள்ளியையே நாடிச் சென்றன. 1986 மார்ச் 14ஆம் நாள் ஐரோப்பிய விண்கலமாகிய ஜியொட்டோ, ஹேலியின் கருவுக்கு 596 கிலோமீற்றர் அண்மையில், வினாடிக்கு 68 கிலோமீற்றர் விரைவிற் கடந்தது. அதிலிருந்த அயன் திணிவுமானி, உள்ளே புகுந்த அயன்களின் வழியை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்தது. ஒத்த வேகமுடையவற்றுள் இலேசானவை மிகுதியாகவும் பாரமானவை குறைவாகவும் வளைந்தன. அவ்வளைவே ஒவ்வொன்றும் இன்னதெனக் காட்டிற்று. கருவை நெருங்கிய இடங்களில் நீரிலிருந்து பிறந்த அயன்களே மிக்கிருந்தன. காந்தமானியோ, கருவிலிருந்து ஏறத்தாழ 4,700 கிலோமீற்றர் அளவும் ஞாயிற்றுக் காற்றின் காந்தப்புலம் நுழையாத வெளியொன்றைக் கண்டது. பெருங்காற்றுக்கு மறைவான துறைமுகம் போன்றது அது.

ஜியொட்டோ கடந்து சென்றது. ரொசெற்றா உடன் தங்கியது. 2014 ஆகத்து முதல் 2016 செப்டம்பர் 30 வரை அக்கலம் சூரியுமொவ்–கெராசிமெங்கோ வால்வெள்ளியோடு சென்றது. தொடக்கத்தில் சிலவாயிருந்த நீர் அயன்கள், ஞாயிற்றை அணுக அணுகப் பெருகின. 2015இற் பல மாதங்கள் கலமிருந்த வெளிக்கு ஞாயிற்றுக் காற்றே எட்டவில்லை.

அச்சந் தந்த வால் இவ்வாறு அறிவு தந்தது. கொடியைக் கண்டு அஞ்சுவோர் கடலோடுவதில்லை. அது காட்டும் திசையைக் கற்றவரே கரை சேர்வர்.