ஒரு கோப்பை வட்டிலப்பம்: மைக்ரோவேவில் ஐந்து நிமிடம்

எங்கள் குசினியில் இருக்கும் மைக்ரோவேவ், கனடாவில் இருந்து வந்த அண்ணா கொழும்பில் வாங்கித் தந்தது. இரண்டு வருடமாக அதற்குள் கரண்ட் பில்களும் மருந்துத் துண்டுகளும்தான் இருந்தன. "சோறு சூடாக்க அடுப்பு காணாதோ?" என்பது அம்மாவின் கேள்வி. யாழ்ப்பாணத்தில் இப்படியான வீடுகள் பல. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் ஒருவரோ இருவரோ. ஒருவருக்காக ஒரு மணித்தியாலம் இனிப்பு அவிக்க யாருக்கும் மனம் வராது. அப்படியானவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

வட்டிலப்பம் இலங்கை முஸ்லிம்களின் பெருநாள் இனிப்பு. மலாய் மக்கள் வழியாக இங்கு வந்தது என்பார்கள். தேங்காய்ப்பால், முட்டை, கித்துல் கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து ஆவியில் அவிப்பது வழமை. நான் கித்துலுக்குப் பதிலாக எங்கள் ஊர்ப் பனங்கட்டியைப் போடுகிறேன்.

ஒரு கோப்பைக்குத் தேவையானவை

முட்டை 1
தூளாக்கிய பனங்கட்டி 40 கிராம் (ஏறக்குறைய 3 மேசைக்கரண்டி)
கெட்டியான முதற்பால் 60 மில்லிலீற்றர் (4 மேசைக்கரண்டி)
ஏலக்காய்த்தூள், சாதிக்காய்த்தூள், உப்பு தலா ஒரு சிட்டிகை

செய்யும் முறை

1. பனங்கட்டியைப் பாலில் போட்டு 30 செக்கன் சூடாக்கிக் கரையுங்கள். பனங்கட்டியில் மண், தும்பு இருக்கும். கட்டாயம் வடியுங்கள்.
2. நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு முட்டையை விட்டால் அங்கேயே திரண்டுவிடும்.
3. முட்டையை நுரை எழும்பாமல் முள்ளுக்கரண்டியால் கலக்கி, பாலோடு சேர்த்து, தூள்களும் உப்பும் போட்டு இன்னொரு முறை வடியுங்கள்.
4. பீங்கான் கோப்பையில் ஊற்றி, மேலே சிறு பீங்கான் தட்டு ஒன்றை வையுங்கள். எவர்சில்வர் கோப்பை, தங்கக்கரை போட்ட கோப்பை வேண்டாம், பொறி பறக்கும்.
5. வலுவை 30 வீதத்துக்குக் குறைத்து 3 நிமிடம் வையுங்கள். ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆடினால் போதும். இல்லையென்றால் 30 செக்கன், 30 செக்கனாகக் கூட்டுங்கள்.
6. மூடியபடியே 5 நிமிடம் விடுங்கள். மிச்சச் சூட்டில் நடுப்பகுதியும் இறுகும்.

வெள்ளிக்கிழமை முட்டை சேர்க்காத வீடுகளில் 120 மில்லிலீற்றர் பாலுக்கு ஒரு குவித்த மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து, முழு வலுவில் 20 செக்கனுக்கு ஒருக்கால் கிளறித் தடிப்பாக்கலாம். அது வட்டிலப்பம் ஆகாது, ஆனாலும் நல்ல புடிங்.

ஏன் 30 வீதம்?

என் முதல் கோப்பை பழுதானது இதில்தான். முழு வலுவில் வைத்தேன். கறுத்த தண்ணீரில் முட்டைப் பொரியல் மிதந்தது.

மைக்ரோவேவ் அலைகள் உணவில் உள்ள நீர் மூலக்கூறுகளை வேகமாக அசைத்துச் சூடாக்குகின்றன. முட்டைக் கலவை 80 பாகை செல்சியஸ் அளவில் இறுகும். அதற்குமேல் சில பாகை கூடினாலே திரண்டு தண்ணீர் விடும். பெரும்பாலான மெஷின்களில் வலுவைக் குறைத்தால் அலையின் பலம் குறைவதில்லை. சில செக்கன் வேலை செய்து, சில செக்கன் நின்று, திரும்ப வேலை செய்யும். நிற்கும் நேரத்தில் சூடு ஓரத்தில் இருந்து நடுவுக்குப் பரவும்.

இந்த மெஷினுக்குள் இருக்கும் மக்னற்றோன் என்ற குழாய் யுத்தத்துக்காக வளர்க்கப்பட்டது. 1940 இல் பிரித்தானிய விஞ்ஞானிகள் ராடருக்காக அதை மேம்படுத்தினார்கள். யுத்தம் முடிந்த காலத்தில் அமெரிக்காவின் ரேதியன் நிறுவனப் பொறியியலாளர் பேர்சி ஸ்பென்சர், அதே குழாயால் சமைக்கலாம் என்று கண்டார்.

அம்மாவின் கோப்பை

எண்பதுகளில் அம்மா சோனகதெருவுக்குக் கிட்ட இருந்தவர். ஒவ்வொரு பெருநாளுக்கும் அயல்வீட்டு அக்கா மூடிய கோப்பையில் வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாவாம். தீபாவளிக்கு அதே கோப்பையில் அரியதரம் திரும்பிப் போகும். செய்முறை கேட்டபோது, "அடுத்த பெருநாளுக்கு வாரும், பக்கத்தில நிண்டு பாரும்" என்றாவாம்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கில் இருந்து 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போனார்கள். அந்தக் கோப்பை அம்மாவிடமே தங்கிவிட்டது. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அதுவும் வீட்டோடு போனது.

ஐந்தாவது முறை சரியாக வந்த கோப்பையை அம்மாவிடம் கொடுத்தேன். சீனி வருத்தம் இருப்பதால் இரண்டு கரண்டிதான் சாப்பிட்டா.

"அவவின்ரை மாதிரி இல்லை பிள்ளை. அது கித்துல். ஆனா அந்த வாசம் இருக்கு," என்றா. பிறகு, "புத்தளத்தில ஆரையும் தெரிஞ்சால் விசாரிச்சுப் பார்," என்றா. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.