மென்பொருள் கையேட்டுத் தலைப்பு

மென்பொருள் கையேட்டுத் தலைப்பு என்பது ஒரு மென்பொருளின் பயன்பாட்டை அல்லது அமைப்பை விளக்கும் ஆவணத்துக்கு இடப்படும் பெயர் ஆகும். கதை நூலின் தலைப்பு வாசகரை ஈர்க்க இடப்படுவது. கையேட்டின் தலைப்போ, சிக்கலில் இருக்கும் பயனர் தமக்கு வேண்டிய ஆவணம் இதுதானா என்பதைத் திறக்காமலே அறிய இடப்படுவது.

யுனிக்ஸ் கையேடு

கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் பெல் ஆய்வுகூடத்தில் எழுதிய யுனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதற் பதிப்பு 1971 நவம்பர் 3 எனத் தேதியிடப்பட்டது. கட்டளைகள், முறைமை அழைப்புகள், கோப்பு அமைப்புகள் முதலிய 7 பிரிவுகளாக அது பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அது விளக்கும் பொருளின் பெயரே தலைப்பாகும். பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் பிரிவு எண் இடப்பட்டது. இம்முறை இன்றைய லினக்ஸ் கையேடுகளிலும் தொடர்கிறது.

இவ்வெண் வெறும் அடையாளம் அன்று. குறித்த நேரத்தில் இயங்கவேண்டிய பணிகளின் பட்டியலைத் திருத்தும் கட்டளையை 'கிரான்டேப் (1)' விளக்குகிறது. அப்பட்டியல் எழுதப்படும் முறையை 'கிரான்டேப் (5)' விளக்குகிறது. நிமிடம், மணி, நாள் ஆகியவற்றை எவ்வரிசையில் எழுதுவது என்று அறிய விரும்புபவர் எண்ணைக் குறிப்பிடாது கேட்டால், வழக்கமாக முதலாவது பக்கமே திறக்கும். தேடிய விடை அதில் இராது. கையேட்டில் அது இல்லவே இல்லை என்று எண்ணிப் பலர் திரும்பிவிடுவதற்கு இதுவே காரணம்.

ஒற்றை வரி விளக்கம்

பக்கத்தின் தொடக்கத்தில் பெயர், இடைக்கோடு, சுருக்க விளக்கம் என ஒரே வரி எழுதப்படுகிறது. உண்மையில் தலைப்பின் வேலையைச் செய்வது இவ்வரியே. அச்சுக் கையேடுகளில் இவ்வரிகளின் சொற்களை ஒவ்வொன்றாக முன்னிறுத்திச் சொல்லடைவு ஆக்கப்பட்டது. பிற்காலத்தில் 'அப்ரோபோ' என்னும் தேடற் கட்டளையும் இவ்வரிகளையே நாடிற்று. வரியின் அமைப்பு பிழையானால் பக்கம் சுட்டியில் சேராது. பக்கம் கணினியில் இருந்தும் சொல்லைக் கொண்டு தேடுபவருக்குக் கிட்டாது. பயனர் தேடக்கூடிய சொல் வரியில் இல்லாவிடினும் விளைவு அதுவே. 'கோப்புகளை ஒப்பிடும்' என்று எழுதுவது 'பயனுள்ள கருவி' என்று எழுதுவதிலும் மேலானது.

பதிப்பும் புனைபெயரும்

பழைய பதிப்பின் கையேட்டைப் பின்பற்றி நீக்கப்பட்ட கட்டளையை இடுவது பொதுவான இடர். எனவே கையேடு எப்பதிப்புக்கு உரியது என்பதைத் தலைப்புப் பக்கத்தில் குறிக்குமாறு குனூ திட்டத்தின் நெறிகள் கூறுகின்றன. ஐபிஎம் நிறுவனம் 1964 இல் சிஸ்டம்/360 கணினிக்காக வெளியிட்ட 'செயற்பாட்டுக் கோட்பாடுகள்' என்னும் தலைப்பைப் பின்வந்த பெருங்கணினிகளுக்கும் தொடர்ந்து வழங்கிவருகிறது; எந்தப் பதிப்பு என்பதை ஆவண எண்ணின் இறுதி இலக்கம் காட்டும்.

நீண்ட தலைப்புகளைப் பயனர்கள் ஏற்பதில்லை. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி உசாத்துணைக் கையேடு (1985) அட்டையின் நிறத்தால் 'சிவப்புப் புத்தகம்' என்றே அறியப்பட்டது.

தமிழில்

'கையேடு' என்னும் ஒரே சொல் அறிமுக நூலையும் முழுமையான உசாத்துணை நூலையும் குறிக்க வழங்குகிறது. படிப்படியாகக் கற்பிப்பதைப் 'பயிற்சி' என்றும், ஒரு வேலையை முடிக்க உதவுவதை 'வழிகாட்டி' என்றும், அனைத்துக் கட்டளைகளையும் தொகுப்பதை 'உசாத்துணை' என்றும் தலைப்பிலேயே பிரித்துக் குறிக்கலாம்.