போருக்கு ஒரு கவசம், போட்டிக்கு ஒரு கவசம்

ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டுப் போர்க்கவசங்களை எடை போட்டுப் பார்த்தால், தலை முதல் பாதம் வரையிலான முழுத் தொகுதியும் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது. அதே கவசங்களைப் பார்த்து இன்று செய்து, அவற்றை மாட்டிக்கொண்டு கூர் மழுக்கிய இரும்பு வாள்களோடு மோதுகிறவர்களின் தொகுதி 30 கிலோவைத் தொடுவது சாதாரணம். அதைத் தாண்டுவதும் உண்டு. இத்தனைக்கும் இன்றைய கொல்லருக்குக் கிடைக்கும் எஃகு, அன்றைய மிலான் பட்டறைகளுக்கு வாய்த்ததைவிடப் பல மடங்கு சீரானது. நல்ல எஃகு கையில் இருந்தும் நகல் ஏன் அசலைவிடக் கனக்கிறது? வரலாற்றுக்கு நேர்மையான கவசம் எது என்ற வாதத்தை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த மோதல்கள் வெறும் நடிப்பு அல்ல. 2010இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் 'நாடுகளின் போர்' என்ற பெயரில் முதல் பன்னாட்டுப் போட்டி நடந்தது. 2014இல் ஸ்பெயினின் பெல்மோன்தே கோட்டையில் வேறொரு கூட்டமைப்பு தன் உலகப் போட்டியை நடத்தியது. ஐவருக்கு ஐவராகவோ அதைவிடப் பெரிய அணிகளாகவோ களத்தில் இறங்குகிறார்கள். வாள், கோடரி, நீள்பிடி ஆயுதம், கேடயம், கூடவே மல்லுக்கட்டும் உண்டு. இரண்டு பாதங்களைத் தவிர உடலின் வேறு பகுதி தரையில் பட்டால் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். ஆயுதத்தால் குத்தக் கூடாது. பிடரியிலும் முழங்காலின் பின்புறத்திலும் அடிக்கக் கூடாது. களம் இறங்கும் முன் கவசத்தையும் சோதிப்பார்கள். தலைக்கவசம் ஒரு காலத்ததாகவும் கையுறை நூறு ஆண்டு பிந்தியதாகவும் இருந்தால் கேள்வி வரும். எல்லா உறுப்புகளும் ஒரே வட்டாரத்தையும் சுமார் 50 ஆண்டு இடைவெளிக்குள் அடங்கும் காலத்தையும் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்பது இந்தப் போட்டிகளில் வேரூன்றிய விதி.

அந்தச் சோதனை பெரும்பாலும் உருவத்தைப் பார்க்கிறது. என் கவலை உருவத்துக்கு உள்ளே இருக்கும் தகட்டைப் பற்றியது.

அசல் போர்க்கவசம் ஒன்றின் மார்புத் தகட்டைக் கையில் எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நடுமார்பில் இரண்டு மி.மீ.க்கு மேல், சிலவற்றில் மூன்று மி.மீ. வரை கனம் இருக்கும். விலாப்பக்கம் போகப் போக அது மெலிந்து ஒன்றரை, ஒன்று என்று இறங்கிவிடும். கைகால் தகடுகள் இன்னும் மெல்லியவை. சிலவற்றில் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடக் கனம், ஏனென்றால் குதிரைமேல் வரும் எதிரியின் ஈட்டி இடப்பக்கத்தைத்தான் தேடி வரும். இந்த ஏற்ற இறக்கம் தற்செயலாக வந்ததல்ல. கொல்லர் சம்மட்டியால் இரும்பை வேண்டிய இடத்தில் நிறுத்தி, வேண்டாத இடத்திலிருந்து விரட்டியிருக்கிறார். எங்கே சாவு வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மற்ற இடங்களில் ஒவ்வொரு கிராமையும் அவர் அணிபவருக்கே திருப்பிக் கொடுத்தார்.

அப்படி மிச்சமான கிராம்களால் என்ன பயன் என்பதற்கு பிரெஞ்சுத் தளபதி பூசிக்கோவின் வாழ்க்கை வரலாறு சான்று. கவசம் அணிந்தபடியே சாய்த்து வைத்த ஏணியின் அடிப்புறத்தில் கைகளால் மட்டும் தொற்றி ஏறுவார் என்றும், தலைக்கவசத்தை மட்டும் கழற்றிவிட்டுக் குட்டிக்கரணம் போடுவார் என்றும் அது சொல்கிறது. புகழ்ச்சியாகவே எழுதப்பட்ட நூல் என்றாலும், அன்றைய வாசகர் நம்பக்கூடிய புகழ்ச்சி அது.

இன்றைய போட்டிக் கவசம் பிறக்கும் இடம் வேறு. ஆலையில் உருட்டிய தகடு எங்கும் ஒரே கனத்தோடு வருகிறது. சாதாரண மென் எஃகு என்றால் உடலுக்கு ஒன்றரை முதல் இரண்டு மி.மீ., தலைக்கு அதைவிடக் கூடுதல். கடினப்படுத்திய ஸ்பிரிங் எஃகு என்றால் கொஞ்சம் குறைக்கலாம். வெளியே தெரியாத இடங்களில் டைட்டானியம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். வார்ப்புத்தாள் வைத்து வெட்டி, குழித்து, விளிம்பை மடித்து, ரிவெட் அடித்தால் வேலை முடிந்தது. நடுவில் கனமும் ஓரத்தில் மெலிவும் வேண்டுமென்றால் பழையபடி சம்மட்டி பிடிக்க வேண்டும். அதற்கான கூலியைக் கொடுக்கக்கூடியவர் சிலரே. அதனால் பெரும்பாலான கவசங்களில், அடி அதிகம் விழும் இடத்துக்குத் தேவையான கனம் உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. கூடுதல் எடையில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது.

இதை மட்டும் வைத்து 'அசல் மேல், நகல் கீழ்' என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பழங்காலக் கவசங்களின் உலோகத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஆலன் வில்லியம்ஸ் 2003இல் வெளியிட்ட பெருநூல் வேறொரு உண்மையைக் காட்டியது. மியூசியத்தில் பளபளக்கும் கவசங்களில் பல, கசடு கலந்த வெறும் இரும்போ கரிச்சத்துக் குறைந்த எஃகோதான். பழுக்கக் காய்ச்சித் தோய்த்து முறையாகக் கடினப்படுத்தியவை மிலானின் நல்ல பட்டறைகளிலும், பிறகு இன்ஸ்புருக், ஆக்ஸ்பர்க் போன்ற இடங்களிலும் பணம் படைத்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. சாதாரணப் படைவீரனின் கவசத்துக்கு இன்றைய மென் எஃகு அவ்வளவு தூரத்து உறவு அல்ல. ஆக்ஸ்பர்க்கின் லோரென்ஸ் ஹெல்ம்ஷ்மிட் செய்த கவசத்தின் உருவத்தை மென் எஃகில் செய்தால் அது பொய். கிராமத்துக் காலாள் ஒருவனின் தகட்டங்கியை அதே எஃகில் செய்தால் ஏறக்குறைய மெய்.

எடைக்கான பெரிய காரணம் அடிக்கப்படும் அடியில் இருக்கிறது. போர்க்களத்தில் கூரான முனை இடுக்கைத் தேடும். அக்குள், தொடையிடுக்கு, முகத்துளை என்று அலையும். தகட்டின் முதல் வேலை அந்த முனையை வழுக்கி விழச் செய்வது. வளைவும் சாய்வும் சரியாக இருந்தால் மெல்லிய தகடே போதும். போட்டியிலோ குத்துக்குத் தடை. எனவே எதிராளி இடுக்கைத் தேடுவதில்லை, தகட்டின் மேலேயே மழுங்கிய கோடரியால் முழுபலத்தோடு சாத்துகிறான். அந்த அடி வழுக்கிப் போவதில்லை; உள்ளே எலும்புவரை இறங்குகிறது. ஒரே தோளில், ஒரே நாளில், சுற்றுக்குச் சுற்று அடி விழுகிறது. அடுத்த மாதம் வேறு ஊரில் அதே கவசம் மறுபடி களம் காண வேண்டும். போர்வீரன் தன் கவசத்திடம் இப்படியோர் உழைப்பைக் கேட்டதே இல்லை.

அப்படியானால் போட்டிக் கவசம் வரலாற்றிலிருந்து விலகிய ஒன்றா? ஒப்பிடும் ஜோடியே தவறு என்பது என் வாதம். இடைக்காலத்தவர்களும் விளையாட்டாக மோதினார்கள். அதற்குத் தனிக் கவசமும் வைத்திருந்தார்கள்.

ஆன்ஜூ நாட்டு ரெனே 1460 வாக்கில் எழுதிய போட்டி விதிநூலை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். குதிரைமேல் இரு அணிகளாக மோதும் போட்டியை எப்படி நடத்துவது என்று அழைப்பு முதல் பரிசளிப்பு வரை படங்களோடு விளக்கும் நூல் அது. அதில் வாளுக்கு அவர் தரும் அளவு கவனிக்கத்தக்கது. அலகு நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும், தலைக்கவசத்தின் முகத்துளைக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. இருபுற விளிம்பும் ஒரு விரல் தடிமன் இருக்க வேண்டும். வாளின் அளவைத் தலைக்கவசத்தின் துளையோடு சேர்த்தே யோசித்திருக்கிறார். முனையால் குத்தக் கூடாது, இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதியும் அதில் உண்டு. இன்றைய விதிப்புத்தகத்தின் முதுகெலும்பு சுமார் 550 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

கவசத்திலும் அப்படியே. ரெனேயின் தலைக்கவசத்தில் போர்க்களத்துக் குறுகிய பார்வைக்கீற்று இல்லை. முகத்தின் முன்னே அகன்ற கம்பி வலை. குத்து வராது என்று விதியே உறுதி சொல்லும்போது நன்றாகப் பார்க்கவும் மூச்சு விடவும் வழி செய்துவிடலாம். உள்ளங்கியைப் பற்றி அவர் சொல்வது அதைவிட முக்கியம். தோளிலும் கையிலும் முதுகிலும் மூன்று விரல் கனத்துக்குத் திணிப்பு வேண்டும் என்கிறார். தண்டாயுதமும் வாளும் அந்த இடங்களில்தான் அதிகம் இறங்கும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்.

இதன் பக்கத்தில் அதே நூற்றாண்டின் ஓர் ஆங்கிலக் குறிப்பை வைக்கலாம். இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கும் சுவடி அது. தரையில் நின்று சண்டையிடும் ஒருவருக்கு எப்படிக் கவசம் பூட்டுவது என்று வரிசையாகச் சொல்கிறது. சட்டை கூடாது. சாட்டின் உள்துணி வைத்து, காற்றோட்டத்துக்குத் துளைகள் வெட்டிய மெல்லிய அங்கி மட்டும். கவசத்தைக் கட்டும் கயிறுகள் குறுக்குவில்லின் நாணுக்கு ஆகும் நுண்ணிழையில் திரித்து மெழுகு தேய்த்தவை. மூன்று விரல் திணிப்பு எங்கே, துளை வெட்டிய மெல்லங்கி எங்கே! இரண்டுமே 15ஆம் நூற்றாண்டு; இரண்டும் உண்மை. ஒன்று உயிர்ச் சண்டைக்கு, தகடு உடலோடு ஒட்டி அசைய வேண்டும் என்பதற்காக. மற்றொன்று அடிவாங்குவதற்காக. இன்றைய வீரர் தகட்டுக்கு அடியில் தடித்த பஞ்சங்கி போடும்போது 'அசலில் இப்படி இல்லை' என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதி, தவறான சுவடியைக் கையில் வைத்திருக்கிறார்.

எடையும் அப்படித்தான். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி 1520இல் பிரெஞ்சு மன்னரைச் சந்தித்து நடத்திய பெருவிழாவில், தரையில் நின்று மோதும் போட்டிக்காகக் கிரீனிச் பட்டறை ஒரு கவசம் செய்தது. உடலில் ஓர் இடம்கூடத் திறந்திருக்காது. பின்தொடைக்கும் உள்முழங்கைக்கும்கூட ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் தகடுகள். எடை சுமார் 43 கிலோ. போட்டி விதி கடைசி நேரத்தில் மாறியதால் அது பாதியில் நிறுத்தப்பட்டு, இன்று பிரிட்டனின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. விண்வெளி உடையின் மூட்டுகளுக்கு வழி தேடியவர்கள் பிற்பாடு இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஆக, போட்டிக் கவசம் போர்க்கவசத்தைவிடக் கனப்பது இன்றைய கொல்லரின் குறையல்ல. ஒருவர் ஏணி ஏற வேண்டும், நாள் முழுக்க நடக்க வேண்டும். மற்றவர் வேலியிட்ட களத்தில் சில நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும்.

புதிதாகக் கவசம் செய்துகொள்ள வருகிறவர்களுக்கு இதனால் என்ன பயன்? உருவத்தைப் போர்க்கவசத்திலிருந்து எடுங்கள், தடிமனையும் திணிப்பையும் போட்டிக் கவசத்திலிருந்து எடுங்கள் என்பேன். பட்டறைக்குத் தரும் பணத்தில் முதல் பங்கு தலைக்கு, அடுத்தது கைக்கு. 14ஆம் நூற்றாண்டின் இடை சிறுத்த விரல்தகட்டுக் கையுறை பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும், கோடரிப் பிடியோடு சேர்த்து அடி விழும்போது விரல் நொறுங்கும். நான்கு விரலையும் சேர்த்து மூடும் தகட்டுக் கையுறையும் வரலாற்றில் இருக்கிறது, அதை எடுப்பதில் குற்றம் ஒன்றுமில்லை. வலைக்கவசம் வாங்கினால் வளையங்கள் ரிவெட் அடித்தவையா என்று பாருங்கள். முனைகளை வெறுமனே ஒட்டி வளைத்த வளையம் ஓர் இழுப்பில் வாய் பிளக்கும். ரிவெட் அடித்த வலைக்கவசத்தில் பெரும்பகுதி இந்தியப் பட்டறைகளில் கைவேலையாகச் செய்யப்பட்டு உலகெங்கும் போகிறது. ஒவ்வொரு வளையத்தையும் தட்டித் துளைத்து ஆணி இறக்கும் அந்தக் கைகளுக்கு இந்தத் துறையில் பேர் இல்லை. அது எனக்கு வருத்தம்.

ஓர் இடத்தில் மட்டும் ரெனே நமக்குத் துணை வரமாட்டார்: கால். அவருடைய ஆட்டம் குதிரைமேல் நடந்தது, இடுப்புக்குக் கீழே அடி இல்லை. இன்றைய மோதல் தரையில். தொடையிலும் கணைக்காலிலும் அடி விழுகிறது. இதற்குப் பாடம் சொல்வது ஒரு போர்க்களம்தான். 1361 ஜூலை 27 அன்று சுவீடனின் காட்லாந்து தீவில், விஸ்பி நகர மதிலுக்கு வெளியே, டென்மார்க் மன்னன் வால்டமாரின் படை தீவின் உழவர்களை வெட்டிச் சாய்த்தது. கோடை வெயிலில் உடல்கள் அழுகத் தொடங்கியதால் கவசத்தைக்கூடக் கழற்றாமல் பலரைக் குழிகளில் தள்ளினார்கள் என்று கருதப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்தன. 1939இல் பெங்ட் தோர்டெமன் வெளியிட்ட ஆய்வில் அந்தத் தகட்டங்கிகளின் ஒவ்வொரு துண்டும் பதிவாகியிருக்கிறது. இன்று களத்தில் பலர் அணியும் தகட்டங்கிக்கு மூல வரைபடம் அந்தப் புத்தகம்தான். எலும்புகளைப் பார்த்தாலோ, வெட்டுகளில் பெரும்பங்கு முழங்காலுக்குக் கீழே. மார்பை மூடியிருந்த மனிதர்கள் காலில் வெட்டுப்பட்டு விழுந்தார்கள்.

அதற்காகக் காலில் இரும்பை ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் அஸ்க்யூவும் தோழர்களும் ராயல் ஆர்மரீஸ் கலைஞர்களை அவரவர் கவசத்தோடு நடைப்பொறியில் ஓடவிட்டு அளந்தார்கள். நடப்பதற்கே கவசம் இல்லாதபோது செலவாவதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆற்றல் செலவானது. அதே எடையை முதுகில் மூட்டையாகச் சுமப்பதைவிட இது அதிகம். காரணம், காலில் கட்டிய எடையை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. எனவே கணைக்கால் தகட்டில்தான் நல்ல எஃகு வேண்டும்: கடினப்படுத்திய, மெல்லிய எஃகு. மார்பில் மென் எஃகு இருந்தால்கூடச் சமாளிக்கலாம். தொடைத் தகட்டை வெறும் இடுப்புப் பட்டையில் தொங்கவிடுவதற்குப் பதில், இடையை இறுக்கிப் பிடிக்கும் அங்கியில் பழையபடி மெழுகுக் கயிற்றால் கட்டினால் அதன் எடை இடுப்பெலும்பின் மேல் பரவி உட்காரும். இந்த ஒன்றில் போர்க்களத்துக் கொல்லரை அப்படியே பின்பற்றுவதைவிட நல்ல வழி இன்னும் கிடைக்கவில்லை.