பிக்கிங்

குத்துதல், கொத்துதல் என்னும் பழம்பொருளிலிருந்து தேர்ந்தெடுத்தல் என்னும் அர்த்தத்தை அடைந்த 'பிக்' என்ற ஆங்கிலச் சொல், 1985-இல் சர்வதேசத் தரமான ஜி.கே.எஸ். என்னும் கணினி வரைகலை முறையில் ஆறுவகை உள்ளீடுகளுள் ஒன்றின் பெயராகி, சுட்டிய இடத்தை மட்டும் கூறும் 'லொகேட்டர்' போலன்றி, அவ்விடத்துள்ள உருவம் இன்னதென்றே அறிவிக்கும் செயலைக் குறிப்பதாயிற்று. அதற்குரிய உபாயங்களுள் நான் மிகவும் வியப்பது, ஒவ்வோர் உருவத்தையும் அதன் எண்ணைத் தாங்கிய தனி வர்ணத்தால் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு சித்திரத்தில் தீட்டி, சுட்டியின் கீழுள்ள ஒரே பிக்சலைப் படித்தறிவதாகும். 24 பிட் வர்ணத்தில் 1,67,77,216 எண்கள் அடங்கும். விளிம்பை மிருதுவாக்கும் வர்ணக்கலப்பை அங்கே நிறுத்தாவிடில், சம்பந்தமற்ற வேறோர் உருவத்தின் எண் வந்துவிடும்; விடையை உடனே கேளாமல் அடுத்த பிரேமில் பெற்றுக்கொண்டால், கணினி வீணே காத்திருக்க நேராது.